சீப்பு வியாழன்

என் மகளின் தலை இன்னொருத்தியின் மடியில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாக வேறு ஏதாவது வார்த்தை போடலாம். ஆனால் அது வயிற்றெரிச்சல்தான், அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இடம், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் வேப்பமரத்தடி. விஷயம், பேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் போன் எடுத்துப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். வீட்டில் நானும் அவளும்தான். அதனாலேயே அவள் எனக்கு மட்டும்தான் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதல். அவள் பக்கத்து வீட்டில் போய் இரண்டு வாய் சாப்பிட்டு வந்தாலே அன்றைக்கு என் குழம்பில் உப்பு சரியாக விழாது.

ஒரு நாள் வகுப்பு டீச்சர் பெற்றோர் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். அவர் ஆத்தூர்ப் பக்கம். எங்களைப் போல் இழுக்காமல் நறுக்கென்று பேசுவார். “நம்ம கிளாஸ்ல பேன் வந்திருக்கு. எந்தப் பிள்ளைன்னு யாரும் கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் உங்க பிள்ளைங்க தலையைப் பாருங்க. வீட்ல இருக்கிற பெரியவங்க தலையையும் சேர்த்துப் பாருங்க.”

ஐந்து நிமிடத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. எங்க பையனுக்கு இல்லீங்க டீச்சர். எங்க பாப்பாவுக்கு வந்ததே இல்லீங்க. நாங்க வாரம் ரெண்டு தடவ சீயக்காய் போடறமுங்க. இதில் முதல் பதில் என்னுடையது. கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தேன். மகளின் தலையை நான் பார்த்திருக்கவே இல்லை. பட்டறையில் உட்கார்ந்தபடி அடித்துவிட்ட பதில் அது.

அன்று சாயங்காலம் அவளுடைய சீருடைக் காலரில் ஒன்று ஊர்ந்து போனது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கிவிட்டேன். யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று போனில் இருந்தது. சீத்தாப்பழக் கொட்டையைக் காயவைத்து இடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் ஒரே நாளில் ஒன்றும் மிஞ்சாது என்று. கொட்டை எங்கள் பக்கத்தில் கிடைக்காத பொருளா? சனிக்கிழமை காலையில் அவளை உட்காரவைத்து, காது முதல் காது வரை அப்பினேன். வெயில் ஏற ஏற எண்ணெய் நெற்றியில் வழிந்தது.

“அம்மா, கண்ணு எரியுது.”

“எரிஞ்சாத்தான் பேன் சாகும். சித்த பொறு.”

மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். நான்காவது தடவை அவள் சொல்லவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, இமை வீங்கிக்கிடந்தது. அள்ளிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். நர்ஸம்மா வெகுநேரம் அவள் கண்ணைக் கழுவிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “இந்தக் கொட்டை கண்ணுல பட்டா பார்வையே போனாலும் போயிரும். உங்களுக்கு யாரு சொன்னதுங்க இதைப் போடச் சொல்லி?” யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.

நல்ல காலம், நாலைந்து நாளில் கண் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான் சீப்பை எடுத்தாலே அவள் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வாள். தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அழவும் மாட்டாள். திட்டினாலாவது நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். என் கையைக் கண்டு என் பிள்ளை ஒடுங்குகிறாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? காலையில் ஜடை பின்னும் அந்தப் பத்து நிமிடம் எனக்குத் தண்டனையாக ஆகிவிட்டது.

அடுத்த வாரம் டீச்சர் அம்மாக்களைப் பள்ளிக்கு அழைத்தார். ஆளுக்கு ஆள் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கைகாட்டிக்கொண்டிருந்தோம். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் திட்டத்தைச் சொன்னார். வாரம் ஒரு நாள், சத்துணவு முடிந்த பிறகு, வரமுடிந்த அம்மாக்கள் பள்ளிக்கே வந்துவிட வேண்டும். பிள்ளைகளின் தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் வாரி, சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் போட்டு எண்ணக் கூடாது. திட்டக் கூடாது. நர்ஸம்மா வந்து மருந்து கொடுப்பார். மருந்துக்கு ஈர் முழுதாகச் சாகாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். வீட்டில் எல்லோர் தலையையும் பார்த்தோம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

“வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாமா?” என்றார் டீச்சர்.

மொத்தக் கூட்டமும் பதறிவிட்டது. “ஐயோ, வெள்ளிக்கிழமை பேன் குத்துனா ஊட்டுக்கு ஆகாதுங்க டீச்சர்!” செவ்வாயும் ஆகாது. புதன் சந்தை. இப்படியாக அது வியாழக்கிழமையில் போய் நின்றது. பிள்ளைகள் அதற்குச் சீப்பு வியாழன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைசியாக டீச்சர் ஒரு விதி சொன்னார். அதுதான் என்னைக் கெடுத்தது. “யாரும் தன் பிள்ளை தலையைப் பார்க்கக் கூடாது. பெத்தவங்க கை கோவமாத்தான் இருக்கும். அடுத்தவங்க பிள்ளைன்னா மெதுவா வாருவீங்க.” சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. இருந்தாலும் எனக்காகவே சொன்னது போலப் பட்டது.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் மகள் போய் விழுந்தது முட்டைக்காரியிடம். முட்டைக்காரி என்பது நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர். ஊருக்கு வெளியே இருக்கும் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண் அவள். பண்ணைக்குள்ளேயே ஒற்றை அறை வீடு. என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் மகளும் என் மகளும் வகுப்பில் ஒரே பெஞ்சு. பேன் எங்கிருந்து வந்தது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். கோழி இருக்கும் இடத்தில் கோழிப் பேன் இருக்கும். அங்கே வளரும் பிள்ளை தலையில் அது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் என் பிள்ளைக்கு வரும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள்.

அவள் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, என் மகளைச் சாய்த்துக்கொண்டாள். சொம்புத் தண்ணீரை ஊற்றும் முன் கேட்டாள்: “கண்ணு எரிஞ்சாச் சொல்லீரோணும், செரியா சாமி?”

கண் கதையை இவளிடம் யார் சொன்னது? மகள்தான் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வாய் பேசாதவள் இவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள்.

இரண்டு இழுப்பு இழுத்திருப்பாள். “அத்தை, எரியுது” என்றாள் என் மகள். முட்டைக்காரி உடனே சீப்பைத் துண்டின் மேல் வைத்துவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் மகளே, “இப்ப வாருங்க” என்றாள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை, என்ன எரியும்? பிள்ளை நாடகம் ஆடுகிறது, இந்தப் பெண் அதற்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு என் மகள் காலை ஆட்டிக்கொண்டு ஏதோ கதை பேச ஆரம்பித்தாள். கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள். அப்போது எரிந்தது என் வயிறு.

என் சீட்டில் வந்தது முட்டைக்காரியின் மகள். வகையாக மாட்டினாள் என்று சீப்பைப் போட்டேன். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில், வகிடு வகிடாகப் பிரித்துத் தேடினேன். ஒரு பேன்கூட வேண்டாம், ஒரு ஈராவது கிடைக்காதா? துணி வெள்ளையாகவே இருந்தது. பரீட்சைக்குப் படித்துவிட்டு வருவது போல நேற்றே சுத்தம் செய்து அழைத்து வந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளை எழுந்து, “தேங்க்ஸ் அத்தை, உங்க கை வலிக்கவே இல்ல” என்றது. அதுவும் என்னைக் குத்தியது. ஊரான் பிள்ளைக்கு வலிக்காத கை.

இரண்டாவது வியாழக்கிழமை சீட்டு இல்லை. பிள்ளைகளே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார் டீச்சர். என் மகள் யோசிக்கவே இல்லை, ஓடிப்போய் முட்டைக்காரியின் துண்டில் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரமும் அப்படியே. வீட்டுக்கு வந்தால் அந்த அத்தை அப்படிச் சொன்னாங்க, இப்படிச் சொன்னாங்க என்ற பேச்சு. ஒரு நாள் சாப்பிடும்போது, “அந்த அத்தை என்ன, உனக்கு வைரத்துலயா வாரி உடறா?” என்று கேட்டே விட்டேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, “பிளாஸ்டிக் சீப்புதாம்மா” என்றாள்.

ஒவ்வொரு வியாழனும் பட்டறையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு நான் தவறாமல் போனேன். பேனுக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். அவள் என்னைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று விதியே இருந்தும், அந்த மடியை விட்டு வேறு யாரையாவது தேர்ந்தெடுக்கிறாளா என்று பார்க்கப் போனேன்.

நான்காவது வியாழன் டீச்சர் என்னைக் கை கழுவும் குழாய்ப் பக்கம் தனியாக அழைத்தார். “கிளாஸ்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் போயிருச்சு. உங்க பாப்பாவுக்கு மட்டும் வாராவாரம் புதுசா கிடைக்குது. ஈர் பொரிஞ்ச குட்டின்னா பரவாயில்ல, இதெல்லாம் வளர்ந்த பேன். எங்கிருந்தோ ஏறுது. வீட்ல வேற யாருக்காவது இருக்குங்களா?”

மெதுவாகத்தான் கேட்டார். நான் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. “எங்க ஊட்ல யாருக்கும் இல்லீங்க. தாள்லயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன். கோழிப்பண்ணைப் புள்ளயோட ஒரே பெஞ்சுல ஒட்டி உக்காந்தா வேற என்னங்க வரும்? கோழிப் பேன்தான் வரும்.”

குழாயின் அந்தப் பக்கம் முட்டைக்காரி சீப்பு கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். என் மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

எல்லோரும் கலைந்த பிறகு முட்டைக்காரி என்னிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“ஏனுங்க்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கோழிப் பேன் மனுசத் தலையில நிக்காதுங்க. எட்டு வருசமா கோழிக்குள்ளயே கெடக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?” குரலை இன்னும் தாழ்த்தினாள். “நீங்க வந்ததுலருந்து காதுக்குப் பொறகால ஏழெட்டுத் தடவ சொறிஞ்சுட்டீங்க. போன வாரமும் அப்படித்தான். பாப்பாவும் நீங்களும் ஒரே தலகாணிங்களா?”

ஒரே தலையணைதான். பகலில் என் சீப்பைக் கண்டு ஒடுங்குகிறவள், படுக்கும்போது மட்டும் பழைய வழக்கப்படி என் தலையோடு தலையை முட்டிக்கொண்டுதான் தூங்குவாள். எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். என் தலை அரித்துக்கொண்டிருந்தது உண்மை. நரைக்குப் புதிதாக வாங்கிய டை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். பேன் என்றால் பிள்ளைகள் சமாசாரம், நாற்பது வயதுக்காரிக்கு எங்கே வரும்?

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, பேன் சீப்பைப் போட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். மூன்று விழுந்தன. கொழுத்தவை.

ஒரு மாதமாக நான் பொறாமைப்பட்டு, தேடி, பழி போட்டு அலைந்ததையெல்லாம் இவை என் தலையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் பண்ணைக்குப் போனேன். அவள் ஷெட்டு வாசலில் அட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “என்ற தலையிலதான் இருந்துச்சு. உன்ற புள்ளயச் சொல்லிப்போட்டேன். தப்பு” என்றேன்.

“அத உடுங்க்கா” என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “உங்க தலைய யாரு பாப்பாங்க?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆள் இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு என் தலையில் யாரும் கை வைத்துப் பார்த்ததில்லை. பதினைந்து வருடம். அந்த ஷெட்டு வாசலில், கோழி நாற்றத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று இவள்மேல் எரிந்ததில் பாதி, அப்படி ஒரு மடி கிடைத்த என் பிள்ளையின் மேல். பெற்ற மகள்மேல் ஒரு தாய் பொறாமைப்படுவாளா என்றால், படுவாள். நான் பட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து வகுப்புக் குழுவில் எழுதினேன்: “டீச்சர், எனக்குப் பேன் இருந்துச்சுங்க. என்கிட்டருந்துதான் பாப்பாவுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கு. எல்லா அம்மாவும் அவங்கவங்க தலையயும் பாத்துருங்க.” இந்தத் தடவை கும்பிடும் கை போடவில்லை. நாமக்கல் வந்து சேர்வதற்குள் இரண்டு அம்மாக்கள், எங்களுக்கும் இருக்குங்க என்று எழுதியிருந்தார்கள். அடுத்த சீப்பு வியாழனிலிருந்து அம்மாக்களுக்கும் துண்டு விரிக்கலாம் என்று டீச்சர் குரல் பதிவு போட்டார்.

ஆனால் நான் வியாழன் வரை காத்திருக்கவில்லை. நர்ஸம்மா கொடுத்த மருந்தை நானும் மகளும் ஒரே நாளில் போட்டுக் குளித்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் குழாயடியில் பேன் சீப்பும் வெள்ளைத் துணியுமாக உட்கார்ந்து, பின்னந்தலையை எட்டாமல் எட்டி வாரிக்கொண்டிருந்தேன். மகள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டாள்.

சொம்பில் தண்ணீர் மொண்டு, என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கண்ணு எரிஞ்சாச் சொல்லீரோணும், செரியா?”

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவளுக்கு அதை முதலில் சொன்னவள் நானாக இருந்திருக்க வேண்டும்.

அவள் பொறுமையாக வாரினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துணியில் துடைத்தாள். எண்ணவில்லை. முடிந்ததும் சீப்பைக் கழுவி, என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நான் துண்டை உதறி மடியில் விரித்தேன். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடப் பயமாக இருந்தது. அவளே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தது.

“கண்ணு எரிஞ்சாச் சொல்லீரோணும்” என்றேன். வேறொருத்தியின் வார்த்தை என் வாயில்.

“சொன்னா நிறுத்தீருவியா?”

“நிறுத்தீர்றேன் சாமி.”

தண்ணீர் ஊற்றினேன். வெறும் குழாய்த் தண்ணீர். இரண்டு இழுப்பு இழுத்தேன்.

“எரியுது” என்றாள்.

எரிய வழியே இல்லை. முகத்தில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. சித்த பொறு என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டுச் சீப்பைத் துண்டின் மேல் வைத்தேன். முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் மெல்லக் கீழே இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, துண்டின் மேல் துழாவி, சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.